கொரோனாவுக்குப் பிறகு நம் கைப்பேசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த அந்த வாரமே மதுரையில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். பால் எப்போது வரும், காய்கறி வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது, யார் வீட்டில் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது, இதையெல்லாம் கேட்டுக்கொள்ளத்தான். அந்தக் குழு இப்போதும் நடக்கிறது, அதன் அட்மின்களில் நானும் ஒருத்தி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன் என்பதால் குழுவில் கேட்பது போதாதென்று கடைக்கு வந்தும் கேட்கிறார்கள், வழியில் நிறுத்தியும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாமே என்றுதான் இது.

கொரோனா போய் வருஷக்கணக்காகிறது. இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30-ல் அறிவித்த அவசர நிலையை 2023 மே 5-ல் விலக்கிக்கொண்டது. முகக்கவசம் போய்விட்டது, ரேஷன் கடை வாசலில் பெயின்ட்டில் போட்ட வட்டங்களும் மழையில் அழிந்துவிட்டன. அந்த மூன்று வருஷத்தில் கைப்பேசியை எதற்கெல்லாம் பயன்படுத்தப் பழகினோமோ அந்தப் பழக்கம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. பிள்ளையின் வீட்டுப்பாடம், சித்தப்பாவின் காரியம், புடவை வியாபாரம், மருத்துவ ஆலோசனை, எல்லாமே இன்று அதில்தான். அதனால் இந்தப் பேச்சு பழைய நோயைப் பற்றியது இல்லை, இப்போது நாம் வாழ்கிற முறையைப் பற்றியது.

சமூக ஊடகம் அதற்கு முன்பும் இருந்ததே? கொரோனா புதிதாக என்ன செய்தது?

இருந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் உதவி கேட்டதும் கொடுத்ததும் பெருமளவு ஃபேஸ்புக், ட்விட்டர் வழியாகத்தான் நடந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு மெரினாவில் கூடியவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டதும் அப்படித்தான். ஆனால் அப்போது அதில் இருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற இளைஞர்கள்.

கொரோனா வந்தபோதுதான் வீட்டில் மிச்சமிருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். பள்ளி மூடியது, பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, அதற்காக ஒரு டச் போன் வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் தெருவில் ஒரு அக்கா மூக்குத்தியை அடகு வைத்து 7,500 ரூபாய்க்குப் போன் வாங்கினார். மகன் படிக்க வாங்கிய அந்தப் போனில், பையன் தூங்கிய பிறகு முதலில் கோலம் பார்த்தார், அப்புறம் சமையல், அப்புறம் ஜோசியம், அப்புறம் வைத்தியம். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். பத்தே நாளில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. வெளியே போக முடியாத வீடு, கையில் புதுப் போன், ஓயாமல் ஓடும் குட்டி வீடியோ, மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன. ஒருவேளை பத்து வருஷத்தில் நடந்திருக்கக்கூடிய மாற்றம் ஒன்றரை வருஷத்தில் நடந்து முடிந்தது, பழகிக்கொள்ள யாருக்கும் அவகாசம் இல்லை.

2021 மே மாதம் சமூக ஊடகம் உயிர்களைக் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் எப்படிக் காப்பாற்றியது என்பதைச் சொன்னால்தான் அது உதவும்.

மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் புதிய தொற்று பதிவானது. அந்த வாரங்களில் ஆக்சிஜன் படுக்கை எங்கே இருக்கிறது என்பதுதான் ஊர் முழுக்க ஒரே கேள்வி. அரசு 104 உதவி எண்ணின் பெயரிலேயே ட்விட்டரில் ஒரு கணக்கு திறந்து படுக்கைக் கோரிக்கைகளை வாங்கியது. இன்னொரு பக்கம் சினிமாக்காரர்கள், மாணவர்கள், ஐடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் கோரிக்கைகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் இல்லை என்று பதிவு போடுகிறவர்கள் மேல் சில மாநிலங்களில் வழக்கு பாயுமோ என்ற பயம் இருந்தது. ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், உதவி கேட்டுப் பதிவிடுகிற மக்களின் வாயை அடைக்கக் கூடாது, அடைத்தால் நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம் என்று சொன்னது. அந்த ஒரு வார்த்தை எத்தனை பேருக்குத் தைரியம் கொடுத்தது என்பதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கள் குழுவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், தெருவில் எல்லோருக்கும் தாத்தா, ஆக்சிஜன் அளவு 84-க்கு வந்துவிட்டது. ராத்திரி பத்தரை மணி. குழுவில் போட்டதும் அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது எண்கள் வந்து விழுந்தன. நானும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்குப் பத்து எண் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். பாதி எண்கள் அணைந்திருந்தன. சிலது தப்பான எண், எடுத்தவர் யாரோ மளிகைக் கடைக்காரர், தூக்கத்தில் இருந்து எழுந்து "அம்மா, இன்னைக்கு மட்டும் நீங்க பதினெட்டாவது ஆளு, நான் கடை வச்சிருக்கேன், தயவுசெஞ்சு அந்த மெசேஜை அழிக்கச் சொல்லுங்க" என்றார். ஒரு எண்ணில் மட்டும் ஒரு நர்ஸ் எடுத்தார். இரண்டு படுக்கை இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் வைத்திருப்போம் என்றார். என் மகளின் கோடு போட்ட நோட்டில் எழுதினேன்: மருத்துவமனை, எண், யார் பேசினார்கள், மணி 11.40. அப்படியே குழுவிலும் போட்டேன். தாத்தாவை ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்த முப்பது நாற்பது எண்களில் உதவியது ஒன்று. அந்த ஒன்றைக் கண்டுபிடித்தது மூன்று பேர் உட்கார்ந்து போன் போட்டுக் கேட்டது. ஊர் ஊராக அந்த மாதம் வேலை செய்த தன்னார்வலர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டது இதைத்தான்: பார்த்துச் சரிபார்த்தது, இத்தனை மணிக்கு என்று எழுதாத தகவலை அனுப்பக் கூடாது, தேவை முடிந்ததும் முடிந்துவிட்டது என்று அதே இடத்தில் எழுத வேண்டும். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் அந்த நேரத்தில் தவறான வழிகாட்டலே இல்லையா?

நிறைய இருந்தது, அதுவும் நல்ல மனசோடு செய்யப்பட்டது. ரெம்டெசிவிர் என்ற ஊசி மருந்தையே உதாரணமாகப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அந்த மருந்து உயிர் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. ஆனால் 2021 மே மாதம் நம் போன்களில் வந்த கோரிக்கைகளில் அந்தப் பெயர் இல்லாத கோரிக்கை அபூர்வம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு விற்பனை தொடங்கியபோது விடிய விடிய வரிசை நின்றது, கூட்டம் தாங்காமல் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், கடைசியில் நேரடி விற்பனையையே நிறுத்தி மருத்துவமனைகளுக்கே கொடுத்தார்கள். எங்கள் கடைக்கு வந்து "எவ்வளவு வேணும்னாலும் தர்றேன், ஒரு டோஸ் மட்டும்" என்று கையைப் பிடித்து அழுதவர்களுக்கு, சார், இது கிடைக்காவிட்டால் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் கேட்கிற நிலையில் யார் இருந்தார்கள்?

கொரோனாவிலிருந்து குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றுகிற பிளாஸ்மாவும் அதே கதை. மே 17-ல் அதைச் சிகிச்சை நெறிமுறையிலிருந்தே நீக்கினார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் "பிளாஸ்மா தேவை" என்ற செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தகவல் பழசானதும் அதைத் திரும்பக் கூப்பிடும் வழி இந்த ஊடகத்தில் இல்லை. அனுப்பியவர் அழித்தாலும் வாங்கிய ஆயிரம் பேரிடம் அது இருக்கும்.

தடுப்பூசி பயம் தமிழ்நாட்டில் இவ்வளவு பரவியதற்கு வாட்ஸ்அப்தான் காரணமா?

முழுக் காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், மக்கள் பயப்படக் கூடாது என்பதற்காகவே எல்லோர் முன்னாலும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி விடியற்காலை இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது, அப்படி ஒரு அடைப்பு ஒரே நாளில் உருவாகாது என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் விசாரித்து, தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அக்டோபரில் அறிக்கை கொடுத்தது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில்தான் இரண்டாம் அலையே வந்து போனது. ஊசி போட்டுக்கொண்ட படமும் மாலை போட்ட படமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரு செய்தி, கீழே ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். அதில் பொய் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. அதனாலேயே அதை மறுப்பது கஷ்டமாக இருந்தது. எங்கள் தெருவில் ஊசிக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்த நாலு வீட்டுக்காரர்கள் அந்த வாரம் போகவில்லை. அதில் ஒரு மதினி ஜூனில் தொற்று வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்து எழுந்தார். எனக்கு இதில் இன்னும் ஆறாத வருத்தம் உண்டு. மரம் நடச் சொல்லி ஊர் ஊராகப் போன ஒரு மனிதர், மக்களுக்கு நல்லது சொல்லப் போய்ப் போட்டுக்கொண்ட ஊசியை, அவர் சொன்னதற்கு நேர் எதிராகப் பயன்படுத்திவிட்டோம்.

இப்போதும் யாருக்காவது மாரடைப்பு வந்தால் தடுப்பூசியால்தான் என்று செய்தி வருகிறதே?

வருகிறது, ஜிம்மில் ஒருவர் விழுகிற வீடியோ வந்தால் அடுத்த வரி இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்காகவே ஒரு ஆய்வு செய்தது. 18 முதல் 45 வயது வரை, வெளிப்படையான காரணம் இல்லாமல் திடீரென்று இறந்த 729 பேரின் விவரங்களை நாடு முழுவதும் 47 மருத்துவமனைகளிலிருந்து எடுத்து, அதே வயது, அதே பகுதியில் உயிரோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டார்கள். 2023 நவம்பரில் வெளியானது. தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருப்பது, இறப்பதற்கு இரண்டு நாளுக்குள் அளவுக்கு மீறிக் குடித்தது, போதைப்பொருள், அளவுக்கு மீறிய உடற்பயிற்சி.

2024-ல் வந்த கோவிஷீல்டு பரபரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறைதலோடு தட்டணுக்கள் குறைகிற ஒரு பக்க விளைவு மிக அபூர்வமாக வரலாம் என்று, அந்த ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்ற செய்தி அது. அது உண்மை. ஆனால் மருத்துவ உலகத்துக்கு 2021-லேயே தெரிந்த விஷயம், அது வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும், மூன்று வருஷம் கழித்து வராது. செய்தி வந்த வாரம் முழுக்கக் கடையில் ரத்தம் நீர்க்கும் மாத்திரை கேட்டு ஆட்கள் வந்தார்கள், சீட்டு இல்லாமல். அந்த மாத்திரையைத் தானாகச் சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். வதந்தியை விட அதற்குப் பயந்து செய்கிற காரியம் மோசமாக முடியும். யாருக்கும் கொடுக்காமல் திருப்பி அனுப்பினோம், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள்.

ஃபார்வர்டு செய்வதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்களே, பயன் இருக்கிறதா?

ஓரளவு. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் மாற்றியது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எங்கள் குழுவில் இரட்டை அம்பு வந்தால் அனுப்பியவர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் குரல் பதிவில் சொல்லலாம்.

வெள்ளம் மாதிரி பேரிடரில் இந்தப் பழக்கம் உதவியதா?

2023 டிசம்பரில் இரண்டு முறை பார்த்தோம். முதலில் மிக்ஜாம் புயலில் சென்னை. கொரோனா காலத்தில் படுக்கை தேடிய அதே கைகள், அதே மாதிரி அட்டவணை, படகு எங்கே, பால் எங்கே என்று இந்தத் தடவை போட்டன. வேகமாக நடந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தென் மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை, தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. அங்கே கதை வேறு. கரண்ட் போனது, டவர் போனது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஜனங்களிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அதற்குப் பதில் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள், "அம்மாவைத் தொடர்புகொள்ள முடியவில்லை, யாராவது அந்தப் பக்கம் இருக்கிறீர்களா" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஏரல்காரர் ஒருவர் இரண்டு நாள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் அம்மாவின் செய்தி வந்தது, பக்கத்து வீட்டு மாடியில் இருந்திருக்கிறார், சேதி கொண்டுவந்து சேர்த்தவர் டிராக்டரில் வந்த ஒரு பையன். டவர் விழுந்தால் இத்தனை வருஷம் கட்டிய குழுக்கள் எல்லாம் அந்த நிமிஷம் இல்லை என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டு விவரத்தை ஒரு தாளில் எழுதி மூன்று வீட்டில் வைத்திருக்கிறோம், யார் எந்த மாடி, யாருக்கு என்ன மருந்து என்று.

வட மாநிலத் தொழிலாளர்கள் பற்றிய அந்த வதந்தி என்ன?

2023 மார்ச் முதல் வாரம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சிலது வேறு மாநிலங்களில் நடந்தவை, சிலது பழையவை, சிலது எடுத்தே தயாரித்தவை. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூர், கோவை என்று நேரில் பார்த்தது. தமிழ்நாடு காவல்துறை இந்தியில் பேசி வீடியோ போட்டது, வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்கு போட்டது, ஒரு யூடியூபர் கைதானார். ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டமும் அந்த நேரத்தில் ரயில் நிலையத்தில் இருந்ததால், பயந்து ஓடுகிறார்கள் என்று அந்தப் படங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதை நாம் நம் மேல் போட்ட பழியாக மட்டும் பார்த்துக் கோபப்பட்டோம். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. 2020-ல் வேலையும் சாப்பாடும் இல்லாமல் இதே தொழிலாளர்கள் நடந்தே கிளம்பினார்கள். நம்மிடம் எத்தனை தெருக் குழு இருந்தது! எங்கள் குழுவில் தெருக்கோடியில் தங்கியிருந்த ஒன்பது டைல்ஸ் வேலைக்காரப் பையன்கள் ஒருவர் கூட இல்லை. அவர்களிடம் போன் இருந்தது, நாம் சேர்க்கவில்லை. அவர்கள் அவர்கள் ஊர்க் குழுக்களில் இருந்தார்கள், 2023-ல் பொய் அங்கேதான் போனது. இப்போது அவர்களில் இரண்டு பேர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அறிவிப்புகளைக் குரல் பதிவாகவும் போடுகிறோம், எழுத்து படிக்க வராவிட்டாலும் பேச்சு புரிகிறது அவர்களுக்கு.

வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு நல்லதுதானே நடந்தது?

ரொம்ப நல்லது நடந்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கணவருக்கு வேலை போன வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்றவர்கள், சேலம் இளம்பிள்ளைப் புடவைப் படங்களை ஸ்டேட்டஸில் போட்டு ஆர்டர் பிடித்தவர்கள், கேக் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர். கடைக்கு முன்பணமும் வாடகையும் இல்லாமல் ஒரு பெண் தன் பெயரில் சம்பாதிக்க முடிந்தது இதனால்தான். என் தங்கை ஒருத்தி இன்றும் மாதம் இருபது முப்பது புடவை அனுப்புகிறாள்.

ஆனால் 2020-ல் அவள் போட்ட படத்தை இருநூறு பேர் பார்த்தார்கள் என்றால் இன்று நாற்பது பேர் பார்க்கிறார்கள். படம் போதாது, ரீல்ஸ் போடு என்கிறார்கள். ரீல்ஸ் போட்டால் முகம் காட்டு என்கிறார்கள். முகம் காட்டினால் வருகிற கமென்ட்டுகளை அவள் என்னிடம் கூடப் படித்துக் காட்டுவதில்லை. யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாத முதலாளி ஒருவரிடம் வேலை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வையுங்கள் என்பதுதான். கணக்கு ஒரு நாள் முடங்கினாலும் வாடிக்கையாளர் உங்களிடம் இருப்பார்கள்.

பகுதி நேர வேலை என்று வரும் செய்திகளை நம்பலாமா?

வேண்டாம். வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்று டெலிகிராமில் சேர்ப்பார்கள். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழும். அந்த 150-ஐப் பார்த்ததும் நம்பிக்கை வரும், அப்புறம் ஆயிரம் கட்டினால் 1,300 என்பார்கள், அப்புறம் பெரிய தொகை கேட்பார்கள், அதோடு போச்சு. வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் வந்து டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டுவது இன்னொரு வகை, சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளைப் போனிலிருந்து எப்படி விலக்குவது?

கையில் நாமே கொடுத்த பொருள் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு பேசலாம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஆசிரியர் முகத்தை நேரில் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்புக்குப் போனது. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது, தெருவில் படித்த பெண்கள் சாயந்திரம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருவது நிற்கவில்லை. ராத்திரி எட்டரைக்கு "நாளைக்குச் சார்ட் கொண்டு வரவும்" என்று வரும். போனைத் தராதே என்பதும், பாடத்துக்குப் போனைப் பார் என்பதும் ஒரே நாளில் ஒரே பிள்ளையிடம் சொல்லப்படுகிறது.

எங்கள் தெரு அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசினோம். டீச்சர், வீட்டுப்பாடத்தை டைரியிலேயே எழுதிவிட்டால் நல்லது, குழுவை லீவு அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று. அவரும் ராத்திரி வரை பெற்றோர் கேள்விக்குப் பதில் எழுதிச் சலித்துப்போயிருந்தார். உடனே ஒத்துக்கொண்டார்.

அம்மா, மாமா, பெரியவர்கள் தப்பான செய்தி அனுப்பினால் எப்படிச் சொல்வது?

எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். இது ஒன்றே போதும். குழுவில் "இது பொய்" என்று போட்டால் அவர்கள் அந்தப் பொய்யைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார்கள், மரியாதை போகிறதல்லவா. என் அத்தை ஒருமுறை வெறும் வெந்தயத் தண்ணீரிலேயே சர்க்கரை முழுசாகக் குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு வீடியோ போட்டார். தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, வெந்தயம் நல்லதுதான், நீங்க மாத்திரைய நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நாலு நாளாக நிறுத்தியிருக்கிறார். மாத்திரை வாங்க மகனிடம் காசு கேட்கக் கூச்சம், அதனால் அந்த வீடியோ அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் அந்த மாத்திரை காசில்லாமல் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். இந்த விஷயத்தைக் குழுவில் வாதாடித் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

குழு அட்மின் மேல் வழக்கு வருமா?

உறுப்பினர் ஒருவர் போட்டதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்துக்கு உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் இப்படித்தான் சொன்னது, கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் இதையே சொன்னது. நீங்களும் சேர்ந்து திட்டமிட்டால் கதை வேறு. சட்டம் இருக்கட்டும், நான் பார்த்த செய்தி தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் நீக்கிவிடுகிறேன்.

உங்கள் குழுவின் பெயரில் இன்னும் 'கொரோனா உதவி' என்றே இருக்கிறதே, மாற்றக் கூடாதா?

2022-ல் மாற்றலாம் என்று பேசினோம், புதுப் பெயர் கூட முடிவு செய்துவிட்டோம். மறுநாள் காலை அந்த டிரைவர் தாத்தா வீட்டு ஆச்சி கடைக்கு வந்தார். படுக்கை கிடைத்துச் சேர்த்தோமே, அவர் பதினோரு நாள் இருந்தார், திரும்பி வரவில்லை. ஐந்தாம் நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு குழுவில் ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். எல்லாரும் நல்லா இருக்கீங்களா, அவளைச் சாப்பிடச் சொல்லுங்க, மோட்டார் ரெண்டு தடவ போட்டாத்தான் தண்ணி ஏறும், அதைச் சொல்லுங்க. பதினெட்டு நொடி. ஆச்சிக்குப் படிக்க வராது. அந்தப் பெயரின் வடிவத்தை வைத்துத்தான் குழுவைக் கண்டுபிடித்துத் திறக்கிறார், அந்தக் குரல் பதிவுக்குப் பேரன் நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்திருக்கிறான். பேரை மாத்துனா எனக்கு எது எதுன்னு தெரியாதும்மா என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.